நனைந்தாலும் ஒட்டாத துணி

எங்கள் வீட்டுக்கு விஞ்ஞானம் திருப்பூரிலிருந்து மாமாவோடு பஸ்ஸில்தான் வரும். அம்மாவின் தம்பியான அவர் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். வெளிநாட்டுக்குப் போகிற துணியில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால் எடுத்துக் கழித்துப் போடுவது அவர் வேலை. ஊருக்கு வந்தால் மட்டும் அந்தக் கம்பெனியே அவருடைய யோசனையில்தான் ஓடுகிறது என்று நாங்கள் நம்பும்படி பேசுவார். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம் மாதா திருவிழாவுக்கு வந்தவர், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு ஜெர்சியை எனக்குக் கொண்டுவந்தார்.

வான நீலம். முதுகுப் பக்கம் கொசுவலைபோலப் பொடிப்பொடித் துளைகள். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. என் உடம்புக்கு இரண்டு சுற்றுப் பெரிது. வளர்கிற பிள்ளைதானே, இருக்கட்டும் என்றார். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பாலீஸ்டர்ல? வெயிலுக்கு அவிஞ்சுல போகும் மாப்ளே" என்றார்.

மாமா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். அப்பாவின் பருத்திப் பனியனையும் ஜெர்சியையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டின் மேலும் ஒவ்வொரு கரண்டித் தண்ணீர் விட்டார். பனியன் தண்ணீரை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டது. ஜெர்சியில் விழுந்த தண்ணீர் நாலாபக்கமும் ஓடிப் பரவியது. மாமா காபி குடித்து, அரசியல் பேசி முடிப்பதற்குள் ஈரம் பட்ட இடமே தெரியவில்லை. பனியன் சொதசொதவென்று அப்படியே கிடந்தது.

"பஞ்சு வேர்வையக் குடிச்சுட்டு உக்காந்துக்கிரும். இது குடிக்காது, வெளிய தள்ளிவிட்டுரும். பத்து நிமிசத்துல காஞ்சிரும் மருமகளே."

அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏலே, வேர்வைக்கு மட்டும்தானா, மழைத் தண்ணிக்கும் இப்பிடித்தானா?"

நாங்கள் சிரித்தோம். "தண்ணிக்கு என்னக்கா தெரியும், தான் மழையா வேர்வையான்னு" என்று மாமா சொன்னதும் இன்னும் பலமாகச் சிரித்தோம். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நாட்களில் என் பயமெல்லாம் ஓட்டத்தைப் பற்றித்தான். நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். இரண்டு வருடமாக மாவட்ட அணித் தேர்வில் கடைசிச் சுற்றில் சோர்ந்து நான்காவதாக வந்தேன். எடுப்பதோ மூன்று பேரை. இந்த வருடமும் தேறாவிட்டால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பத்தாவதுக்கு ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். தோற்றதற்கு என் கால்கள் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வேர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிக் கனத்துப்போன பள்ளிக்கூட டி-ஷர்ட்தான் என்னைப் பின்னால் பிடித்து இழுத்தது என்று சாதித்துக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கோணலை நிமிர்த்தத்தான் மாமா ஜெர்சி கொண்டுவந்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன்.

அதை மடித்து ட்ரங்குப் பெட்டியில், கோயிலுக்குப் போடும் பாவாடைக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். பயிற்சிக்குக்கூடப் போடவில்லை. தேர்வு ஒரு சனிக்கிழமை தேனியில். முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மறுநாளுக்கு எடுத்துவைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் பாவாடை இருக்கிறது, ஜெர்சி இல்லை.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அரிசிச் சாக்குக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், கொடியில், கோழிக்கூட்டில்கூடத் தேடினேன். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. அப்பா திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். அம்மா ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுக்கிறவள். விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போனால் திரும்பி வர ஐந்து மணி ஆகும். அவள் வந்தால் தெரிந்துவிடும் என்று தெருமுனைக்கு ஓடினேன்.

ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று, ஜீப் வரவில்லை. தெருமுனையில் மாதா சொரூபம் இருக்கும் கெபியருகே கூட்டம் சேர ஆரம்பித்தது. எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு வீட்டுப் பெண்கள் அந்த ஜீப்பில் போகிறவர்கள். மேலே மலை தெரியாமல் கருத்துக் கிடந்தது. யாருடைய போனுக்கும் சிக்னல் போகவில்லை. கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் உருண்ட கதைகள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அன்று யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்த அப்பா விஷயம் கேட்டதும் கைகால்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் போனார்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மருமகளும் அந்த ஜீப்பில்தான் இருந்தாள். பெரியம்மா செபமாலையை எடுத்து மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். எல்லோரும் நின்றோம். எங்கள் வழக்கப்படி செபமாலையில் ஒவ்வொரு பத்து மணி உருட்டுவதற்கும் முன்னால் யாராவது ஒரு கருத்துச் சொல்லி, அதற்காக வேண்டிக்கொள்வோம். ஜீப்பில் போனவர்களுக்காக, டிரைவருக்காக, ரோட்டுக்காக என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது. நான் அதுவரை மாதாவிடம் பேசவே இல்லை. காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்தோணியார் என்பதால் மனசுக்குள் அவரிடம்தான் மன்றாடிக்கொண்டிருந்தேன். பெரியம்மா என் தோளைத் தொட்டதும் வாயில் வந்தது வந்துவிட்டது.

"தொலஞ்சு போனது பத்திரமா வீடு வந்து சேரணும்."

பெரியம்மா என்னை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டு அழுதார். "பச்சப் புள்ள வயிறெரிஞ்சு கேக்குது தாயே, கைவிட்ராத" என்று மாதாவிடம் முறையிட்டார். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அழுதேன். ஜெர்சிக்காகத்தான்.

இருட்டுகிற நேரத்தில் அப்பாவின் வண்டி முன்னால் வர, பின்னாலேயே ஜீப் வந்தது. ரோட்டில் மரம் விழுந்து, வெட்டி எடுக்கும்வரை மழையில் நின்றிருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் அம்மாக்களைக் கட்டிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் ஜீப்பிலிருந்து இறங்குகிற பெண்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். தோட்டத்தில் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டுதான் காயெடுப்பார்கள். அது மழையை வெளியே நிறுத்தும். வேர்வையை உள்ளேயே அடைத்துவைக்கும். சட்டையும் ரவிக்கையும் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். தாளை எடுத்ததும் மலைக்காற்று அந்த ஈரத்தில் அடிக்கும். பல் கிட்டிப்போய், பேசக்கூட முடியாமல்தான் இறங்குவார்கள். அம்மா வந்ததும் முதல் வேலையாக அடுப்புக்கு முதுகு காட்டி உட்காருவாள். சமையல் அதற்குப் பிறகுதான்.

அன்று அம்மா கடைசியாக இறங்கினாள். பல் கிட்டவில்லை. பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற பெரியம்மாவின் மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். நான் இதையெல்லாம் பார்த்தேன்தான், ஆனால் என் கண் போனது ஒரே இடத்துக்கு. அவள் போட்டிருந்த அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டைக் காலருக்கு உள்ளே வான நீலம் தெரிந்தது.

"ஏம்மா, என் ஜெர்சியவா போட்டுட்டுப் போன?" என்று தெரு அதிரக் கத்தினேன். உயிரோடு திரும்பி வந்தவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் புகுந்து தடுத்தாள். "விடுங்க, நாளைக்கு ஓடப்போற புள்ள" என்றவள் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளைபோலச் சொன்னாள். "ஒரே ஒரு நாளைக்குத்தானத்தா. பத்து நிமிசத்துல காஞ்சிரும்னான்ல உங்க மாமா. உனக்குத் தெரியுமுன்ன அலசிப் பெட்டியில வச்சிரலாம்னு பாத்தேன். மரம் விழும்னு நான் என்னத்தக் கண்டேன்."

அவள் அதைத் துவைத்துக் கொடியில் போட, மாமா சொன்னது பொய்யில்லை, சோறு பொங்குவதற்குள் காய்ந்துவிட்டது. வாசம்தான் போகவில்லை. ஏலக்காயும் காய் உலர்த்தும் கொட்டகைப் புகையும் கலந்த ஒரு வாசம். சோப்பு, ஷாம்பு, எலுமிச்சைச் சாறு என்று அம்மா மூன்று தடவை துவைத்தாள். நான் பக்கத்தில் நின்று மூன்று தடவையும் மோந்து பார்த்து, மூன்று தடவையும் அழுதேன்.

இப்போது நான் அதே திருப்பூரில், துணிகளைச் சோதிக்கும் ஓர் அறையில் வேலை பார்க்கிறேன். துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது பரவி மறைய எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த நூல் தண்ணீரைக் குடிப்பதில்லை. இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கிற சந்துகள்தான் ஈரத்தை உள்ளிருந்து இழுத்து வெளிப்பக்கம் பரப்பிக் காற்றுக்குக் கொடுக்கின்றன. மழையில் அதுவும் நனையும், ஆனால் ஈரத்தைக் கட்டிக்கொண்டு கிடக்காது. தண்ணீரைத் தள்ளிவிடுகிற இதே நூல் எண்ணெயையும் வாசத்தையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்தபின் போன மாதிரி இருந்தாலும், உடம்புச் சூடு பட்டதும் திரும்பக் கிளம்பும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அம்மாவை இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

மறுநாள் தேனி மைதானத்தில் வெயில் ஏற ஏற, ஏலக்காய் வாசமும் ஏறியது. கோட்டில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியகுளத்துப் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏய், யாருடி பாயாசம் வச்சுட்டு வந்துருக்கது?" என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. விசில் ஊதியதும் அவமானத்திலிருந்து தப்பிப்பதற்காகவே ஓடினேன். இரண்டாவது சுற்றில் மூச்சு முட்டியது. கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் மூன்று முதுகுகள். மறுபடியும் நான்காவது, மறுபடியும் நான்காவது என்று மண்டைக்குள் ஒரு குரல். இத்தனை நாளும் பழி போட்ட டி-ஷர்ட் இல்லை. முதுகில் எதுவும் ஒட்டவில்லை, எதுவும் இழுக்கவில்லை. இனிமேல் குற்றம் சொல்ல என் கால்கள்தான் மிச்சம் என்ற நினைப்பு வந்ததும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். மூன்றாவதாக வந்தேன், ஒரு கை நீளத்தில். முதலாவது வந்தவள் வெறுங்காலோடு, அண்ணனுடையதாக இருக்க வேண்டும், சாயம் போன ஒரு பருத்திச் சட்டையில் ஓடியிருந்தாள்.

பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கடைக்குப் போய் அல்வா வாங்கிவந்தார். அம்மாவோடு நான் இன்னும் பேசவில்லை. அன்று சாயங்காலம் மாமா போன் செய்தார். போனில் பேசினாலும் பஸ்ஸ்டாண்டில் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார். அம்மாவின் காதில் இருந்த போன் எனக்கும் கேட்டது. ஓட்டத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, துணி எப்படி இருந்ததாம் என்று கேட்டார்.

"அருமையா இருந்துச்சாம்டா" என்றாள் அம்மா. அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. "உடம்போட ஒட்டவே இல்லையாம். உள்ள வேர்த்தது உள்ளயே நிக்கலையாம். காத்தடிச்சாக்கூடக் குளிரே தெரியலையாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தேனி வெயிலில் எவளுக்குக் குளிரும்? தம்பியைச் சந்தோஷப்படுத்துவதற்காக வாய்க்கு வந்ததை அளக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செக்கிங்கில் கழித்தது இன்னொன்று கிடக்கிறது, எடுத்து வைக்கவா என்று மாமா கேட்டார். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். "இன்னொண்ணு தாரேங்கிறான்த்தா. என்ன சொல்லட்டும்?"

"எனக்கு ஒண்ணு போதும்" என்றேன்.

அம்மா போனைத் திரும்பக் காதில் வைத்தாள். "போதுமாம்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, திங்கட்கிழமை ஜீப்புக்கு வேண்டிய பிளாஸ்டிக் தாளை உதறி மடிக்கப் போனாள். இரண்டாவது தருகிறேன் என்றும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை நினைத்து அவள் பெருமைப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.