அவன் சொல்லாத பெயர்

அன்னமேரி பினாங்கில் இருபத்தாறு ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கூண்டில் நிற்பவன் "நான் அடிச்சேன்" என்றால், அவரும் மலாயில் "நான் அடித்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அவர் அடித்தாராம்" என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிறர் செய்த பாவங்களை அப்படித் தன் வாயால் சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்து உலை வைப்பார்.

ஓய்வு பெற்றதும் ஒரு சிறுகதை எழுதினார். மனைவியைக் கொன்றவன் தானே சொல்லும் கதை. கெலுகோர் வாசகர் வட்டத்தில் அதைப் படித்தபோது யார் மனத்திலும் அது ஒட்டவில்லை.

வட்டத்தை நடத்தும் தயாளன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, வரிக்கு வரி 'நான் மிருகம், நான் பாவி'ங்கறான். கொன்னவன் அப்படியா பேசுவான்? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பல வருடங்களுக்கு முன் மனைவியைக் கொன்ற கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரன் ஒருவன் கூண்டில் நின்று பேசியது அவருக்கு மறக்கவே இல்லை. அன்று காலை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதை அவ்வளவு விவரமாகச் சொன்னான். அன்னமேரி மலாயில் வாய் தவறி நீல வாளி என்றதும், கொஞ்சம் மலாய் தெரிந்த அவன், "நீலம் இல்லம்மா, பச்சை" என்று பணிவாகத் திருத்தினான். வாளியின் நிறத்தில்கூடப் பிசகாதவன் பொய் சொல்வானா என்று தோன்றியது. கொலையை மட்டும் "அப்புறம் அப்படி ஆயிருச்சி" என்று அரை வரியில் தாண்டினான். அந்த ஒரு நொடி அன்னமேரி அவனை நம்பியிருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கதையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். இம்முறை அவன் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. செடிகளைப் பற்றியும், முதுகு வலியைப் பற்றியும், அவள் வைத்த ரசத்தைப் பற்றியும் பேசினான்.

அடுத்த கூட்டத்தில் அதைப் படித்தார். முடித்ததும் ருக்குமணி, தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மெதுவாகக் கேட்டார்: "அவன்மேல பாவமா இருந்துச்சிலா. எனக்கே என்னைப் பிடிக்கல. ஆமா, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

அன்னமேரி தாள்களைப் புரட்டினார். எங்கேயும் இல்லை. கூண்டில் நின்றவனும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவன் பேச்சை மொழிபெயர்த்த அவரும் அன்று நாள் முழுக்க "என் மனைவி, என் மனைவி" என்றே சொல்லியிருந்தார்.

"சேர்த்திடவா?" என்றார் தயாளனிடம்.

"அவன் சொல்ல மாட்டான்க்கா. சொன்னா கதை பொய்யாயிரும்."

அது சரியென்று பட்டது. அதனால் கதையில் கை வைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு 'தனுஜா' என்று ஒரு கற்பனைப் பெயர் வைத்து, அதைத் தலைப்பாக மட்டும் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார்.

அந்த வழக்கில் இறந்தவளின் உண்மைப் பெயரைக் குற்றப்பத்திரிகையில் படித்திருந்தார்; அது நினைவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் அலுவலகத்தில், இறந்தோருக்கான பூசைப் பதிவேட்டில் அதை எழுதினார்.

"சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள் அங்கிருந்த நவோமி.

"இல்லம்மா," என்றார் அன்னமேரி. "அவங்களுக்காக நான் ஒருநாளும் பேசினதில்ல."