ஸ்டாண்டை யாரும் தொடவில்லை

சனிக்கிழமை காலை ஜெசிந்தா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க மேடம். விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டு." அதன் பிறகு நான் யாருக்குச் செய்தி சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வந்தது: "ஃபிட்ஸா?" இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பள்ளிப் பருவத்திலிருந்து கூடவே இருந்த வலிப்பு அவரைக் கொல்லவில்லை. மாரடைப்புதான் கொன்றது.

அவரும் நானும் ஒரே கல்லூரியில், வேதியியல் துறையில், ஒரே ஆய்வகத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள். நான் எளிதில் யாரோடும் ஒட்டுகிறவள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேசையருகே வந்து நின்று, "ஏளா, உன் பேரு என்ன? எனக்கு வலிப்பு உண்டு. விழுந்தா பயப்படாத" என்றார். "உமா" என்றேன். பெயர் கேட்கும் மூச்சிலேயே நோயையும் சொல்கிறாரே, அனுதாபம் தேடுகிறாரோ என்று நினைத்தேன். காரணத்தைப் பின்னொரு நாள் அவரே சொன்னார்: "முன்னாடியே சொல்லிட்டா நான் மட்டுந்தான் விழுவேன். சொல்லலன்னா பாக்கவங்களும் சேந்து விழுவாங்க."

அவரது குடும்பம் கடற்கரைக் குடும்பம். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஆனால் அக்கா கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. வீட்டில் குளியலறைக்குத் தாழ் போடமாட்டார். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதால் கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசைக்குப் போகமாட்டார். காலைப் பூசைக்குத்தான் போவார். தெருவில் அதற்கும் பேச்சு உண்டு. "மாதாகிட்டயும் மன்றாடுதேன், மாத்திரையும் போடுதேன். அவங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் சண்டை போட்டதில்ல" என்பார். பெண் பார்க்க வந்தவர்களிடம் தாமே எழுந்து வந்து வலிப்பைப் பற்றிச் சொன்னாராம். "காப்பி நல்லாருக்குன்னு சொன்னாங்க. அதோட சரி." சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அது நடந்தது. மாணவிகள் டைட்ரேஷன் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். நான் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அக்கா தரையில் கிடந்தார். உடல் வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். எங்கள் ஆய்வக உதவியாளர் முருகேசன் அண்ணாச்சி கையில் கொடுக்க இரும்புச் சாவி கிடைக்காமல், மேசைமேல் இருந்த இரும்பு ஸ்டாண்டை அதில் மாட்டியிருந்த பியூரெட் குழாயோடு தூக்கி அக்காவின் கையில் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பியூரெட் நொறுங்கி, கண்ணாடித் துண்டுகள் அக்காவின் முகத்தருகே கிடந்தன.

நினைவு திரும்பி, பேச்சுத் தெளிந்ததும் அவர் கையைப் பார்த்தார்.

"இத யாரு எங்கிட்ட குடுத்தது?"

"இரும்பு குடுத்தா நிக்கும்லா மேடம்" என்றார் அண்ணாச்சி.

"நின்னுச்சா?"

அண்ணாச்சி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் நிர்வாகம் அவரை அழைத்தது. இனி ஆய்வகம் வேண்டாம், நூலகப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கரிசனத்தோடுதான் சொன்னார்கள். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "அமிலத்தையும் அடுப்பையும் நான் தொடல. அத உமா பாத்துக்கிடட்டும். ஆனா என்னை வெளிய அனுப்பினா, இந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு வீட்டுல ஒருத்தர் விழுந்தா என்ன செய்யணும்னு தெரியாமப் போயிரும். வருசத்துல ஒரு மணி நேரம் எனக்குக் குடுங்க" என்றார். ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு வருடம் அப்படியே நீண்டது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் செய்முறை வகுப்பில், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ஆய்வகத் தரையில் படுப்பார். பிள்ளைகள் வெட்கத்தில் நெளிவார்கள். எனக்கும் முதலில் அது நாடகமாகத்தான் பட்டது. படுத்தபடியே சொல்லித் தருவார்: "சுத்தி இருக்க ஸ்டூலை எடு. தலைக்குத் துப்பட்டாவ மடிச்சு வை. அமுக்கிப் பிடிக்காத, வாயில எதையும் வைக்காத. மணியப் பாரு. இழுப்பு அடங்கினதும் இப்படி ஒருக்களிச்சுப் படுக்க வை. அஞ்சு நிமிசம் தாண்டினா ஆம்புலன்சக் கூப்பிடு. இரும்பு வேண்டாம். இரும்புதான் மருந்துன்னா நான் ஹார்பர் கிரேனுக்கு அடியிலல்லா போய்ப் படுத்திருப்பேன்." இந்த இடத்தில் அண்ணாச்சி வாசல் பக்கம் நழுவிவிடுவார்.

சில வருடங்களுக்கு முன் அவர் ஆய்வகத்தில் மறுபடி விழுந்தார். நான் அன்று விடுப்பில் இருந்தேன். கேள்விப்பட்டு ஓடிவந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாணவி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை மற்றவர்கள் என்னிடம் சொன்னார்கள். கண் விழித்ததும் அக்கா கேட்டது, எவ்வளவு நேரம் என்றுதானாம்.

"மூணு நிமிசம் கூட ஆகல மேம்" என்றிருக்கிறாள் அந்தப் பெண். "ஸ்டாண்டை யாரும் தொடல."

அன்று அக்கா அழுததாகச் சொன்னார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை.

அவரை அடக்கம் செய்தது மே மாதக் கடைசியில். கல்லூரி திறந்ததும் கால அட்டவணை வந்தது. அந்த ஒரு மணி நேரம் அதில் இல்லை. கேட்டேன். "அந்த மேடமே இல்லையே, இனி எதுக்கு?" என்றார் அட்டவணை போட்டவர். தவறாகச் சொல்லவில்லை; அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். என் வகுப்பிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

கூட்டத்தில் தோளோடு தோள் உரசினாலே விலகி நிற்பவள் நான். புது மாணவிகள் முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்தேன். சிமெண்ட் தரை குளிர்ந்திருந்தது. மேசைகளின் அடிப்பாகமும் பிள்ளைகளின் செருப்புகளும் தெரிந்தன. நினைவு திரும்பும் ஒவ்வொரு முறையும் அக்கா முதலில் பார்த்தது இதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். கிரேன் பேச்சு எனக்கு வரவில்லை.

யாரோ ஒரு பெண் என் தோளையும் இடுப்பையும் பிடித்து, பயந்து பயந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அப்போது அண்ணாச்சி உள்ளே வந்தார். இந்த முறை அவர் நழுவவில்லை. மேசை ஓரத்தில் இருந்த ஸ்டாண்டை எடுத்து, யாருடைய கைக்கும் எட்டாத மேல் அலமாரியில் வைத்துவிட்டு, என் தலைமாட்டில் வந்து நின்றார்.

உங்கள் வகுப்பு நடந்தது, அக்கா. நிம்மதியாக உறங்குங்கள்.