செம்புத் தண்ணீரில் விட்ட கெண்டைக் குஞ்சுகள்

புதிதாக வாங்கிய கண்ணாடித் தொட்டியில், புளி போட்டுத் தேய்த்த செம்பு அண்டாவில் இரவெல்லாம் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். என் மைத்துனன் சொன்ன யோசனை.

“செம்புத் தண்ணி மனுசனுக்கே மருந்து, மச்சான்.”

வைகை மீன்காரர் மண்பானையில் கொண்டுவந்த பத்துக் கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டேன். அவர் மோர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று மல்லாந்தது. என் மகள் அழுதாள்.

“எதுல இருந்த தண்ணி?” என்றார் மீன்காரர். சொன்னேன்.

“செம்பு மீனுக்கு வெசம்யா. அள்ளுங்க சீக்கிரம்.”

ஆற்றுத் தண்ணீர் இருந்த அவர் பானைக்கே கையால் அள்ளிப் போட்டோம். நான்குதான் பிழைத்தன.

“புதுத் தண்ணி சேரல போல,” என்றான் மைத்துனன்.

“வாயத் தொறக்காத மாப்ள,” என்றேன்.

விசாரிக்காமல் ஊற்றிய முட்டாள் நான்தான். இப்போது கிணற்றுத் தண்ணீரை மண்பானையில் வைத்துத்தான் தொட்டிக்கு ஊற்றுகிறேன். செம்புத் தண்ணீர் மைத்துனனுக்கு மட்டும்.