அட்டைக்குப் பயந்து கட்டிய தொட்டில்

வண்டன்மேட்டு ஏலக்காட்டில் நான் காய் எடுத்த 1950களில், மழையைவிட அட்டைக்குத்தான் எனக்குப் பயம். எங்கள் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொள்வோம். என் நான்கு மாதப் பிள்ளைக்கு அதைப் பூச முடியுமா? தோல் வெந்துவிடும். அதனால் கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஓடையோரம் வெறும் கூழாங்கல் கிடக்கும் இடத்தில், சாய்ந்து நின்ற மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, நனையாமல் மேலே சாக்கைப் போர்த்தினேன். கல்லில் அட்டை ஏறாது. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

அன்று காலை முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்துபோய், எதிர்ச்சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தூறல்தான். மேலே மலை இருட்டிக் கிடந்தது. உச்சிப்பொழுதுக்குள் ஓடை இடுப்பளவு ஏறிச் செம்மண்ணாக ஓடியது. தொட்டில் அந்தக் கரையில் ஆடுகிறது, நான் இந்தக் கரையில். மார்பில் பால் கட்டி வலித்தது. "பொறு புள்ள, வடியட்டும்" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

திடீரென்று வடிந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். எங்களை வேலை வாங்கும் கங்காணிக்கே சந்தோஷம்.

"மேல மழை வெறிச்சிருச்சு போல ஆத்தா. போய்ப் பாலக் குடுத்துட்டு வா" என்றார்.

நடு ஓடையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மலை கருத்துத்தான் கிடந்தது. அங்கே இன்னும் கொட்டுகிறது. அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? நிழல் மரங்களில் கழித்த கிளைகளை, சுமக்கச் சோம்பல்பட்டு நாங்கள்தான் மேலே ஓடைக்குள் தள்ளியிருந்தோம். அதெல்லாம் எங்கோ அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது.

"ஆத்தாடி!" என்று ஓடினேன். தொட்டில் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. சேலை கிடக்கட்டும் என்று பிள்ளையை மட்டும் வாரி எடுத்துக்கொண்டு, புல்லைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏறினேன்.

மேலே அடைப்பு உடைந்த சத்தம் மலையே இடிந்ததுபோல் கேட்டது. மரமும் பாறையும் சேறுமாக ஒரே மூச்சில் வந்து, தொட்டில் கட்டிய மரத்தை வேரோடு கொண்டுபோனது.

சத்தம் கேட்டுச் சரிவிலிருந்து எதிர்க்கரைக்கு ஓடிவந்த என் வீட்டுக்காரருக்குப் புதருக்குள் இருந்த என்னைத் தெரியவில்லை. தொட்டில் சேலை தண்ணீரில் புரண்டு போவதுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு குதிக்கப் போனார். கங்காணி அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்தார். நான் கத்தினேன், கத்தினேன். இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. ஒரு பாறையில் ஏறிப் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பாருய்யா, இந்தப் பக்கம் பாரு!

பார்த்தார். பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கையை இறக்கியபோதுதான் கவனித்தேன். பிள்ளையின் தொடையில் மூன்று அட்டைகள் ரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. குடித்துவிட்டுப் போகட்டும் என்று, அவனை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தேன்.