பழனி மொட்டையோடு லிஸ்பனில்

லிஸ்பன் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். போட்டோவில் இருந்தவளுக்கு நடுவகிடு எடுத்து இறுக்க வாரிய தலை. எதிரே நின்றவளுக்குக் கம்பளிக் குல்லா. கழற்றச் சொல்லிக் கையால் காட்டினார். கழற்றினேன். அந்த மனுஷன் முகமே மாறிப்போனது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு முத்திரையைக் குத்தினார். "டேக் கேர், மேடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

சென்னையில் இதே பரிசோதனை வேறு மாதிரி நடந்தது. அங்கே இருந்தவர் என் தலையைப் பார்த்ததும், "பழனியா, திருப்பதியாம்மா?" என்றார். "பழனி" என்றேன். அத்தோடு முடிந்தது சோலி. லிஸ்பனில் மரியாதை கூடுதல் போல என்று நினைத்துக்கொண்டேன். தூக்கமில்லாத மண்டைக்கு அதற்குமேல் ஓடவில்லை.

இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டுக் கிளம்பவில்லை. ஆசையெல்லாம் அக்காவுடையது. நானும் அவளும் செண்பகனூரில் எங்கள் வீட்டு மாடியைக் கொடைக்கானல் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறோம். இருவருக்கும் வேறு துணை கிடையாது. வருகிறவனெல்லாம் "இங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்பான். ஏரி இருக்கு, பாறை இருக்கு, பனி இருக்கு என்று ஒப்பித்து ஒப்பித்து அக்காவுக்கு அலுத்துப்போய், ஒரே ஒரு தடவை நாமும் எங்கேயாவது போய் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்றாள். லிஸ்பனைப் பிடித்தது அவள்தான். "ஊரு பூராம் மேடும் பள்ளமுமா கெடக்காம்டி. நமக்குப் பழக்கம்தான?"

டிக்கெட், விசா எல்லாம் வந்த பிறகுதான் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும், அதுவரைக்கும் வெளியூர் வேண்டாம் என்றார். நானும் போகவில்லை என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அக்கா அதை வெளியே இழுத்துப் போட்டாள். "நீ இங்கன உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். ரெண்டு டிக்கெட்டும் எதுக்கு வீணாப் போகணும்? கெளம்பு. எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு." அவள் சொன்னால் சொன்னதுதான். அப்படி ஒரு பிடிவாதம் அவளுக்கு.

கிளம்புகிற அன்றைக்கு வெள்ளனே பஸ் பிடித்துப் பழனிக்கு இறங்கினேன். சென்னை ரயிலுக்கு நேரம் கிடந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே அடிவாரத்தில் முடி எடுக்கிற மண்டபத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா கத்தியை வைத்துக்கொண்டு, "வேண்டுதல் நெறவேறிருச்சாம்மா?" என்று கேட்டாள். "இல்ல, இனிமேத்தான் நெறவேறணும்" என்றேன். "அப்ப பூமுடி குடுங்கம்மா, போதும். மூணு இணுக்கு வெட்டிவிடுறேன். காரியம் முடிஞ்சதும் வந்து மொத்தமாக் குடுங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். நான்தான் கேட்கவில்லை. முருகனுக்கு முதலிலேயே கொடுத்துவிட்டால் அவன் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது என்று ஒரு கணக்குப் போட்டேன். அக்காவுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்டது. சடை மடியில் விழுந்தது. தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு ரயிலேறினேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். அவளுக்குச் சாமி பெயரைச் சொல்லி எதைச் செய்தாலும் எரிச்சல் வரும்.

லிஸ்பனில் நான் எடுத்திருந்த அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரம்மா என் வயதுக்காரி, கொஞ்சம் கனத்த உடம்பு. கதவைத் திறந்தவள், புழுக்கத்தில் நான் கழற்றிக் கையில் வைத்திருந்த குல்லாவைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கீரை சூப் வந்தது. சாயங்காலம் இன்னொரு தலையணை வந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நானும் அறை வாடகைக்கு விடுகிறவள்தானே? எந்த வீட்டுக்காரி இப்படி விழுந்து விழுந்து கவனிப்பாள்? நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் ஊர் பார்க்கப் போனேன். அக்கா சொன்னது சரி, ஊரே ஏற்றமும் இறக்கமும்தான். ஆனால் நம்மூர் ஏற்றத்தில் காலுக்கு மண் இருக்கும். இங்கே தெரு முழுக்க வழவழவென்று பொடிக்கல் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் வழுக்குகிறது. முழங்கால் கெஞ்சியது. சுவரெல்லாம் நீலப் பூப்போட்ட ஓடு, ஜன்னலுக்கு ஜன்னல் காயப்போட்ட துணி. ஒரு கடையில் ஆள் உயரத்துக்குக் கருவாடு அடுக்கியிருந்தது. அந்த வாசனைதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வாசனை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். எதிலும் மனசு ஒட்டவில்லை. போன் ஒரு தடவை அதிர்ந்தால் ரிசல்ட்டோ என்று பையைத் துழாவினேன்.

வெயிலுக்குக் குல்லாவைப் பையில் போட்டுக்கொண்டு மஞ்சள் டிராமில் ஏறினேன். நிற்க இடமில்லை. ஒரு இளவட்டப் பயல் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தான். பக்கத்தில் இருந்த கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. இறங்கும்போது என் நெற்றிக்கு நேரே சிலுவை போட்டுவிட்டுப் போனாள். அட, இது என்னடா கூத்து!

புரிய வைத்தது வீட்டுக்காரம்மாதான். அவளுக்கு அவள் பாஷையைத் தவிர வேறு தெரியாது. அடுத்த நாள் காலையில் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தன் போனில் ஏதோ பேசினாள். போன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிக்கிற குரலில் கேட்டது: "உங்கள் புற்றுநோய் சிகிச்சை முடிவடைந்துவிட்டதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல! சாமிக்குக் குடுத்தது இது!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். நான் பேசுகிற பேச்சு அதற்கு விளங்கவில்லை. சனியன், "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. நானும் செய்தி வாசிக்கிற மாதிரியே நிறுத்திச் சொன்னேன்: "நான், கடவுளுக்கு, கொடுத்துவிட்டேன்." போன் அவள் பாஷையில் எதையோ சொன்னது. கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு போனில் பேசினாள். "என் கணவரும் இறுதியில் அவ்வாறுதான் கூறினார்" என்றது போன். சுவரில் ஒரு வழுக்கைத் தலைக்காரரின் படம் மாட்டியிருந்தது. நான் அதற்குமேல் எதையும் விளக்கப் போகவில்லை. விளக்கத் தெம்பும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மா மேல் இல்லை, என் மேல்தான். எங்களூரில் மொட்டை போட்ட பொம்பளையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பழனி பஸ்ஸில் பாதித் தலை அப்படித்தான் வரும். அதை உலகம் பூராவும் செல்லும் என்று நினைத்து எடுத்துக்கொண்டு வந்தேனே. இங்கே வழியில் போகிறவன் வருகிறவனெல்லாம் என் தலையைப் பார்த்து அந்த வியாதியின் பெயரை மனசுக்குள் சொல்கிறான். எது வரக் கூடாதென்று முடியைக் கொடுத்தேனோ, அதையே தலையில் எழுதி ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறேன். அக்காவுக்கு முடிவு வருவதற்கு முன்னாலேயே ஒரு ஊரே முடிவு சொல்லிவிட்டது. இதைவிட அபசகுனம் ஒன்று இருக்குமா?

அதற்கப்புறம் நல்ல வெயிலிலும் குல்லாவைக் கழற்றவில்லை. காதெல்லாம் வேர்த்து அரித்தது. டிராமில் ஏறவில்லை. எங்கே போனாலும் நடைதான். வீடியோவில் கூப்பிட்ட அக்கா, "வெயிலு இந்தப் போடு போடுது, என்னடி குல்லாவோட திரியிற?" என்றாள். "காத்துக்கா, ஆத்துக்காத்து" என்று சமாளித்தேன். அவள் பேச்சை மாற்றினாள். ரிசல்ட் வந்ததா என்று நானும் கேட்கவில்லை. வந்திருந்தால் சொல்ல மாட்டாளா?

மறுநாள் மத்தியானம் ஊரின் உச்சியில் ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தேன். கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் கடல் மாதிரி அகலத்தில் ஆறு. படம் எடுக்கிறவர்கள் கூட்டம். நான் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டாள். அவள் பின்னால் எங்கள் அடுப்படி தெரிந்தது, விளக்குப் போட்டிருந்தாள்.

"ரிசல்ட்டு வந்துருச்சுடி" என்றாள். "அதேதான்."

கழற்றி வைத்த செருப்பை எடுத்து மாட்டினேன்.

"ஆபரேசனாம். பெறகு மருந்து ஏத்தணுமாம், மாசக்கணக்குல. வெரசாவே கண்டுபுடிச்சாச்சு, பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் டாக்டரு சொல்றாரு. அழுகாத. அழுதா போனை வச்சிருவேன்."

"நாளைக்கே கெளம்பி வாரேன்க்கா."

"வந்து என்ன செய்வ? ஆபரேசனுக்கு நாளு குறிக்கவே ஒரு வாரம் ஆகுமாம். பாத்துட்டு வா, பேசாம." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "குல்லாவக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடி. பழனியில எறங்குனவ சும்மாவா ரயிலேறியிருப்ப? நீ காத்துன்னு சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

கழற்றினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். முருகனைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று இருந்தேன். அவனை நானே திட்டிக்கொண்டுதான் இருந்தேன், முடியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டானே என்று. அக்கா திட்டவில்லை. போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"திரும்பு. பின்னாடி காட்டு."

அத்தனை பேர் நடுவில் திரும்பி உட்கார்ந்து, போனைத் தலைக்குப் பின்னால் பிடித்துக் காட்டினேன். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். தலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. அப்படி ஒரு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏடி... குளிருமா?"

"குளிரும்க்கா" என்றேன். "மொதல்ல ரொம்பக் குளிரும்."