படுகளத்தில் விழுந்த பங்காளி

கதை சொன்னால் செத்தவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. மீசை முளைத்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசராகி, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த வயதில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, கோபமாகத்தான் இருக்கிறது. என் மேஜை டிராயரில் பேனா மூடிகளுக்கு நடுவே ஒரு நீல நிறப் பகடை கிடக்கிறது. இருபது முகம் அதற்கு. பள்ளமாக வெட்டிய எண்களில் வெள்ளை மெழுகுக் கலர்க்குச்சியைத் தேய்த்து நிரப்பியவன் நான். குண்டூசி தேடுகிறபோதெல்லாம் அது கையில் தட்டுப்படும். உடனே என் பங்காளியின் முகம் நினைவுக்கு வரும். குண்டூசி தேடியது மறந்துபோகும்.

எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டு, முறை தவறாமல் சண்டையும் போட்டுக்கொள்பவன். இவன் என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவன். நேரில் 'அண்ணா' என்றும், முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்றும் சொல்லி எனக்குப் பழக்கம். வெளிநாட்டில் படித்துவிட்டு எண்பதுகளின் நடுவில் சேலத்துக்கு வேலைக்கு வந்தான். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே ஓர் ஆட்டம் நடத்தினான். அதற்குப் பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒரு தடித்த விதிப் புத்தகம், விதவிதமான பகடைகள், மிச்சமெல்லாம் வாய். ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ காகிதத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். குகை, கோட்டை, பூதம் என்று ஆட்டத் தலைவர் சொல்லிக்கொண்டே போவார். நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். தலைவர் சொல்வதுதான் தீர்ப்பு. தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். நான், ஓமலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்த இன்னொரு நண்பன். மெக்கானிக் வாளெடுத்த வீரனைச் செய்துகொண்டான். ஜவுளிக்கடைக்காரன் மந்திரவாதியை எடுத்துக்கொண்டான். எனக்குக் கதைசொல்லிதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஆள் இல்லை. முதலில் சண்டைக்காரனாக இருந்து அடிபட்டுத் தேற வேண்டும். பிறகு அதை விட்டுவிட்டுத் திருடனாக வேண்டும். பூட்டு உடைத்து, சுவர் ஏறி, அதிலும் பேர் வாங்கிய பிறகுதான் கதை சொல்ல அனுமதி. இந்த வரிசையில் ஆள் தயாராகிற தொழில் நம் ஊரில் அரசியல் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. பட்டறைக்கு வருகிற லாரி வெறும் சேஸாகத்தான் வரும், இன்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும். கேபின் கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் பலகையில் உட்கார்ந்து, தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டிவருவார். அதன்மேல் நாங்கள் மரமும் தகடும் ஏற்றி, பூ வரைந்து, கண்திருஷ்டிக்குக் கறுப்புக் குஞ்சம் கட்டி அனுப்புவோம். என் ஆளையும் அப்படித்தான் கட்டினேன். சண்டைக்காரன் சேஸ், திருடன் பாடி, கதைசொல்லி பெயின்ட். மாதக்கணக்கில் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறிப் போய், கோபாலி என்று நானே பேர் வைத்த அந்தக் காகித மனிதனை வளர்த்தேன்.

கடைசியில் கதைசொல்லி ஆனபோது, அவனுடைய ஆற்றல்களை எழுத வேண்டிய இடத்தில் நான் யோசிக்காமல் எழுதியது, 'படுகளம் எழுப்புவான்' என்பது.

எங்கள் பக்கத்துக் கோயில் நோன்பியை, அதாவது திருவிழாவை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உடுக்கை அடித்து வீரர்களின் கதையைப் பாடுவார்கள். வீரர்கள் மாண்ட இடம் வரும்போது, அதற்கென்று உரிமையுள்ள குடும்பத்து ஆண்கள் அருள் வந்து பிணம்போல் தரையில் விழுவார்கள். அதுதான் படுகளம். பாடுகிற பூசாரி தீர்த்தம் தெளித்துப் பிரம்பால் தொட்டு ஒவ்வொருவராக எழுப்புவார். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவனுக்குக் கதைசொல்லி என்றால் வேறு என்ன வேலை இருக்க முடியும்? செத்தவனை எழுப்பத் தெரியாதவனைக் கதைசொல்லி என்று எவன் ஒத்துக்கொள்வான்? புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பங்காளி நான் எழுதியதைப் படித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தான்.

"இது இருக்கட்டுங்களா அண்ணா?"

"எழுதிக்கோ சாமி. எழுதறதுக்கென்ன."

அந்தப் புன்னகை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றே அதன்மேல் ஒரு டம்ளர் மோரை ஊற்றியிருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து, பங்காளி மறுபடி வெளிநாடு போகிறான், இதுதான் கடைசி ஆட்டம் என்றான். மலைப்பாலத்தில் ஒரு பூதம். வீரனும் மந்திரவாதியும் ஏற்கெனவே குற்றுயிராக இருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று மெக்கானிக் சொன்னான்.

"பயப்படாதீங்கப்பா. உழுந்தா உழுங்க, நான் எந்திரிக்க வெச்சுக்கறேன்" என்றேன். பங்காளி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் என் வாக்கை நம்பி ஓடினார்கள், விழுந்தார்கள். நான் கோபாலியைப் பாலத்தின் நடுவில் உட்காரவைத்தேன். உடுக்கைக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி, அவர்கள் பிறந்தது, வளர்ந்தது, வாளெடுத்தது, வஞ்சகத்தில் மாண்டது எல்லாவற்றையும் பாடினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, என் கண்ணில். மெக்கானிக்கும் மூக்கை உறிஞ்சினான். பாடி முடித்துப் பகடையைக் கையில் எடுத்தேன்.

"எதுக்கு அது?" என்றான் பங்காளி.

"எழுப்பறதுக்குங்க."

"எந்திரிக்க மாட்டாங்க. புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லே."



"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"எழுதிக்கோன்னேன். நடக்கும்னு சொன்னனா?"

மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. "உன்ற பேச்சக் கேட்டுத்தான்டா போனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். ஜவுளிக்கடைக்காரன் அதற்குள் படியிறங்கிவிட்டான். பங்காளி நிதானமாகப் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். கோபாலியைக் கொன்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இரண்டு நண்பர்கள் முன்னால் என்னைப் பொய்யனாக்கினானே, அதற்குத்தான் கொதித்தேன். முதல் நாளே தெரிந்தும், நான் குழியைத் தோண்டி முடிக்கிறவரை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். இருபது முகப் பகடை என் கையிலேயே இருந்தது. கொடுக்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "நீங்க உழுந்தா எழுப்ப ஒருத்தனும் வரமாட்டானுங்க" என்றேன். சாபத்திலும் மரியாதை ஒட்டிக்கொண்டுவிட்டது, எங்கள் ஊர் வாய் அப்படி.

அடுத்த வாரம் குலதெய்வக் கோயில் நோன்பி. விழுகிற உரிமை எங்கள் குடும்பத்துடையது. அந்த வருஷம் முறை பெரியப்பா வீட்டுக்கு. விதிப் புத்தகத்தைத் தவிர எதையும் நம்பாத என் பங்காளி, மஞ்சள் வேட்டி கட்டி, மாலை போட்டு, காலை வெயிலில் மற்றவர்களோடு நின்றான். நான் பந்தக்கால் பக்கம் நின்று அவனை முறைத்துக்கொண்டிருந்தேன். உடுக்கை உச்சத்துக்குப் போனதும் எல்லோரும் விழுந்தார்கள். அவனும் விழுந்தான், சும்மா சொல்லக் கூடாது, நல்ல விழுதல். பூசாரி பாடிக்கொண்டே தீர்த்தம் தெளித்துப் பிரம்பால் தொட்டுவந்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் எழவில்லை.

பூசாரி மறுபடி தொட்டார். அசைவில்லை. பெரியம்மா "சாமி, கண்ணு" என்று அழ ஆரம்பித்தார்.  என் வாயிலிருந்து வந்த சாபம் அப்படியே பலித்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். போலீஸ் என்ன கேட்கும், பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பது, பார்த்துவைத்த பெண் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று மனசு வரிசையாக ஓடியது. பெண் வீட்டார் நினைவு பெரியம்மாவின் அழுகைக்கு முன்னாலேயே வந்தது, என் யோக்கியதை அவ்வளவுதான். சட்டைப் பையில் இருந்த பகடை நெஞ்சைக் குத்தியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி அவன் தலைமாட்டில் மண்டியிட்டேன்.

பூசாரிக்கு முன்னால், ஊருக்கு முன்னால், அவன் காதில் கதை சொல்ல ஆரம்பித்தேன். மலைப்பாலத்துக் கதையை. இந்த முறை என் இஷ்டப்படி. வீரன் கண் விழித்தான் என்றேன். மந்திரவாதி மூச்சு விட்டான் என்றேன். பூதம் பின்வாங்கியது என்றேன். "எந்திரிங்ண்ணா, புத்தகத்தத் தூக்கிக் கெணத்துல போடுங்ண்ணா, எந்திரிங்" என்று நடுவில் கெஞ்சலும் கலந்துவிட்டது. பூசாரி பிரம்பை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தைத் தாண்டி, கோட்டைக் கதவைத் திறக்கும் இடத்துக்கு வந்திருந்தேன்.

பங்காளி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். கூட்டம் குலவையிட்டது. யாரோ என் நெற்றியிலும் திருநீறு பூசினார்கள். பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்று முழுக்க ஊர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தது. எனக்கே லேசாக நம்பிக்கை வந்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி அவனே சொன்னான். "பூசாரி தொட்டப்பவே எந்திரிச்சிருப்பேன். நீ பந்தக்கால்கிட்ட என்னை மொறச்சுட்டு நின்னயா, என்னதான் பண்றேன்னு பாக்கலாம்னு படுத்துட்டேன். கதை நல்லாத்தான் போச்சு. கதவத் தொறந்து உள்ள என்ன?"

 இலையை மூடிவிட்டு எழுந்தேன். மறுவாரம் அவன் விமானம் ஏறினான். இப்போதும் போனில் பேசினால், பேச்சோடு பேச்சாக அந்த நீலப் பகடையைக் கேட்பான். தொலைந்துபோய்விட்டது என்பேன். கோட்டைக்குள் என்ன இருந்தது என்று கேட்பான். அதையும் சொல்வதில்லை. சொல்லப்போவதும் இல்லை.

அன்றைக்கு அவனை எழுப்பியது என் கதை இல்லை. கட்டெறும்பு. பந்தியில் உட்கார்ந்தபோதும் அவன் தொடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.