நிச்சயத்துக்கு முன் போட்ட மதிப்பெண்

மெஹர் நிஷா பால்கோவா டப்பாவைத் திறந்து நீட்டியபோது, தான் செய்வதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் ஆஸிபாவுக்கு நிச்சயம் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் முதல் இனிப்பு, பள்ளித் தலைவி ஷ்யாமளாவுக்கு.

"கங்கிராட்ஸ் மெஹர்! வாயே திறக்கலையே நீங்க! பையன் யாரு?"

"இர்ஃபான். நம்ம ஸ்கூலுக்கு வேன் விடறாரே யாசின் பாய், அவரோட பையன்."

ஷ்யாமளா கையில் எடுத்ததை டிஷ்யூவில் வைத்துவிட்டாள். "வேன் கான்ட்ராக்ட் யாசினா? எப்பலேர்ந்து பேச்சு நடக்குது?"

"நோன்புக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியில் நாக்கு நின்றது.

அமெரிக்காவின் பிளானோ நகரில் அது ஒரு சார்ட்டர் பள்ளி. நடத்துவது தனிக் குழு, பணம் அரசாங்கத்துடையது. பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. அதனால் ஒவ்வொரு டாலரும் எங்கே போனது என்று வருடா வருடம் வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து பார்ப்பார். குறை அதிகமானால் பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். இந்த வருடம் புதுப்பிக்கும் வருடம். வேனுக்காக மூன்று கம்பெனிகளிடம் விலை வாங்கி, ஒப்பிட்டு, மதிப்பெண் போட்டது மே மாதம். போட்டவர்களில் மெஹரும் ஒருத்தி. நோன்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

கீழக்கரையில் பி.காம். படித்துக் கல்யாணமாகி வந்தவள் அவள். கணவன் சிராஜின் விசாவில் வந்ததால், கிரீன் கார்டு கிடைக்கும்வரை வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தாள். பிறகு இந்தப் பள்ளியில் வருகைப் பதிவு பார்க்கச் சேர்ந்தாள். பிள்ளைகள் வந்த நாளை வைத்துத்தான் அரசு பணம் தருகிறது என்பதால் அந்த வேலையிலேயே பாதிக் கணக்கைக் கற்றுக்கொண்டாள். கணக்குப் பொறுப்பு முழுவதும் கைக்கு வந்தபின் யாருக்கும் முகம் பார்த்ததில்லை. சிறப்புக் கல்விக்கென்று வந்த பணத்தில் பீட்சா வாங்கிய ஆசிரியையிடம் பில்லைத் திருப்பிக் கொடுத்து, சொந்தப் பணம் கட்டவைத்தவள். அப்படிப்பட்டவள்தான் இதைக் கோட்டைவிட்டாள்.

காரணம் எளிது. பெண்ணுக்குப் பேச்சு நடக்கும்போது, முடிவாகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. பிஸ்கட்டவே நகரில் இருக்கும் அக்கா மகளுக்குப் பேசியது முன்கூட்டியே வெளியே தெரிந்து, பிறகு கலைந்து, அந்தப் பெண்ணை ஊரே குறைசொன்னது. அதற்கப்புறம் மெஹர் தன் மகள் விஷயத்தில் வாயைப் பூட்டிக்கொண்டாள். வேன் மதிப்பெண் போட்ட அன்றும் அந்தப் பூட்டு அப்படியே இருந்தது. யாசினின் விலைதான் குறைவு, வேன்களும் புதியவை. நியாயமாகத்தான் போட்டாள். அதனால் மனசும் உறுத்தவில்லை.

"இந்த வாரம் ஆடிட்டர் வர்றாங்க," என்றாள் ஷ்யாமளா, கதவைச் சாத்திக்கொண்டு. "சொந்தம், சம்பந்தம் ஏதாவது உண்டான்னு எல்லாரையும் கேப்பாங்க. சம்மர்லதான் பேச ஆரம்பிச்சோம்னு சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

மெஹர் டப்பாவை மூடினாள்.

வீட்டில் சிராஜ் குதித்தான். "நம்ம பொண்ணு கல்யாணப் பேச்சை ஆடிட்டர்கிட்ட போய் ஒப்பிக்கப் போறியா? உனக்கு வேற வேலை இல்லையா?"

"வேலை இருக்கு. அது போயிடக் கூடாதுன்னுதான் யோசிக்கிறேன்."

"பொய் சொன்னா வேலை நிக்கும்."

"பொய் வெளிய வந்தா ஸ்கூலே நிக்காதுங்க."

ஆஸிபா போனிலிருந்து தலை தூக்காமல், "மா, ஜஸ்ட் டெல் தெம்," என்றாள். அவளுக்கென்ன, மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆடிட்டரிடம் உள்ளதைச் சொல்லப்போவதை யாசினிடம் மெஹரே போன் செய்து சொன்னாள். "நான் ரேட்டைக் குறைச்சுத்தானே குடுத்தேன்? திருடினேனா?" என்றார் அவர்.

"இல்ல பாய். நான் சொல்லாம விட்டதுதான் தப்பு."

"தப்பு உங்களோடது, அடி எனக்கா? சம்பந்தி ஆனதுக்கு நல்ல சீர் செய்றீங்க!"

அன்று அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோறு தின்று, படுத்தாள். பட்டினி கிடந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆடிட்டர் நரைத்த தலை அமெரிக்கப் பெண்மணி. மெஹர் நோன்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கலைந்த பேச்சு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதையும் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். விலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"மே மாதம் பெயர் எதையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டாமே," என்றார். "குடும்பக் காரணம், இந்த ஒன்றில் நான் மதிப்பெண் போடவில்லை என்று விலகியிருந்தால் போதும். யாரும் துருவியிருக்க மாட்டார்கள்."

மெஹருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ரகசியம் காப்பதென்றால் வாய் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் என்று இத்தனை நாள் இருந்துவிட்டாள். எழுந்து போவதும் ஒரு வழி என்று தோன்றவே இல்லை.

அறிக்கையில் அது குறையாகப் பதிவானது. பள்ளிக் குழு யாசினின் ஒப்பந்தத்தை ரத்து செய்து மறுபடி விலை கேட்டது. தானாகச் சொன்னதால் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. கணக்கிலிருந்து எடுத்து, பழைய வருகைப் பதிவு மேஜைக்கே அனுப்பினார்கள். ஷ்யாமளா பார்த்தால் தலையாட்டுவாள், பேச மாட்டாள். பள்ளியின் அனுமதி பற்றிய முடிவு இன்னும் வரவில்லை.

யாசின் இரண்டாம் முறை விலை கொடுக்க மறுத்துவிட்டார். டிரைவர்கள் சிலரை நிறுத்தினார் என்று கேள்வி. கல்யாணத் தேதியைப் பற்றியும் அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. மெஹர் சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாசினின் மனைவி பர்வினுக்கு போன் போட்டாள்.

"நடக்குமா, நடக்காதா மதினி? சுத்தி வளைக்காம சொல்லுங்க. தாங்கிக்குவேன்."

பர்வின் பெருமூச்சு விட்டாள். "நடக்கும். இர்ஃபான் பிடிவாதமா நிக்கிறான். ஆனா அவர் உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்றார். கல்யாணச் சாப்பாடு உட்பட."

"அவர் பசிக்கு அவர் பொறுப்பு," என்றாள் மெஹர். "நீங்க தேதியைச் சொல்லுங்க."